சிசேரியனுக்குப் பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்வது: முதல் மணி நேரத்தில் இருந்து ஆறாவது வாரம் வரை

தமிழ்நாட்டில் இப்போது ஏறக்குறைய இரண்டு பிரசவத்தில் ஒன்று சிசேரியன். 2019–21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதம், அரசு ஆஸ்பத்திரிகளில் 36, தனியாரில் 63.8. ஆனால் பச்சை உடம்புக்காரியை எப்படிக் கவனிப்பது என்று நம் வீடுகளில் அம்மாவும் அத்தையும் பாட்டியும் சேர்த்து வைத்திருக்கிற அறிவு பெரும்பாலும் சுகப்பிரசவத்துக்கானது. வயிற்றில் வெந்நீரை அடித்து ஊற்றுவதும், சேலையால் இறுக்கிக் கட்டுவதும் வயிற்றில் தையல் இல்லாத பெண்ணுக்காக ஏற்பட்ட வழக்கங்கள். அதே பாட்டிமார் சொன்ன இன்னொன்று, நாற்பது நாளைக்கு அவளிடம் ஒரு வேலையும் வாங்கக் கூடாது என்பது, சிசேரியன் ஆனவளுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். துரதிர்ஷ்டம், இந்தக் காலத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான்.

குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டவரை யாரும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப மாட்டார்கள். சிசேரியன் ஆனவளை இரண்டு மணிக்கும் எழுப்பி, நாலு மணிக்கும் எழுப்பி, "பால் பத்தலையோ" என்றும் கேட்கிறார்கள். பிரசவம், பெரிய ஆபரேஷன் இரண்டும் ஒரே நாளில் அவளுக்கு நடந்திருக்கின்றன. இந்த வழிகாட்டி அவளுக்கும், ஆஸ்பத்திரியில் கூட இருக்கப்போகிறவருக்கும், வீட்டில் சமைத்துப் போடப்போகிறவருக்கும் சேர்த்து எழுதியது.

ஆபரேஷனுக்கு முன்பே பேசி வைக்க வேண்டியவை

தேதி குறித்துச் செய்கிற சிசேரியன் என்றால் அவகாசம் இருக்கிறது. அவசர ஆபரேஷன் என்றால் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே டாக்டரிடமோ செவிலியரிடமோ மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, குழந்தையை எவ்வளவு சீக்கிரம் நெஞ்சில் போடுவார்கள் என்பது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். தாயும் சேயும் நலமாக இருந்தால் தையல் போடும்போதே குழந்தையை அவள் நெஞ்சோடு சேர்த்து வைக்கலாம். கேட்டால் செய்கிற இடங்கள் பல. கேட்காவிட்டால் குழந்தை துணியில் சுற்றப்பட்டு நேராக வெளியே போய்விடும்.

இரண்டு, கூட இருக்கப்போவது யார்? முதல் இரண்டு இரவு தூக்கம் விழிக்க முடிகிற ஆள் வேண்டும். அறுபது வயதில் சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள அம்மாவை மட்டும் நம்பி இருப்பது இருவருக்குமே கஷ்டம்.

மூன்று, கருத்தடை. சிசேரியனின்போதே காப்பர்-டி வைப்பது வழக்கத்தில் இருக்கிறது, நல்ல முறைதான். ஆனால் அது வேண்டுமா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் அப்படித்தான். வலியில் துடிக்கிறபோது நீட்டப்படும் படிவத்தில் எடுக்கிற முடிவு அல்ல இது. முன்பே வீட்டில் பேசி, வேண்டும் வேண்டாம் என்பதைச் சொல்லி வையுங்கள். வைத்திருந்தால், வைத்ததாக டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் 24 மணி நேரம்

தியேட்டரில் இருந்து வந்ததும் உடம்பு உதறலாம், பல் கிட்டலாம். ஊசியால் வருவது, போர்த்திவிட்டால் சிறிது நேரத்தில் அடங்கும். கால் மரத்துப் போயிருப்பது சில மணி நேரத்தில் தெளியும். மூக்கும் முகமும் அரிப்பெடுத்தால் முதுகில் கொடுத்த வலி மருந்து காரணமாக இருக்கலாம், நர்ஸிடம் சொல்லுங்கள். தோள்பட்டையில் குத்துகிற வலி வந்து சிலர் பயந்துபோவார்கள்; வயிற்றில் தங்கிய காற்று அங்கே வலியாகத் தெரியும், நடக்க நடக்கப் போய்விடும். ஆனால் தோள்வலியோடு மூச்சு வாங்கினால் உடனே சொல்ல வேண்டும்.

நர்ஸ் அடிக்கடி வந்து நாடி, பிரஷர் பார்ப்பார், பேட்டை விலக்கிப் பார்ப்பார், வயிற்றை அமுக்குவார். கருப்பை கெட்டியாகச் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அப்படிச் செய்கிறார். வலிக்கும், ஆனால் அதிக உதிரப்போக்கைச் சீக்கிரம் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. கூட இருப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. படுத்திருப்பவளின் இடுப்புக்குக் கீழே ரத்தம் தேங்கினால் மேலே பார்க்கிறவருக்குத் தெரியாது. போர்வையை விலக்கி, பின்பக்கம் வரை பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டியாக ரத்தம் விழுந்தாலோ, முகம் வெளுத்து வியர்த்தாலோ மறு பேச்சில்லாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். திட்டுவார்களோ என்று தயங்கி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்டன. வாந்தி இல்லை, உடம்பு தெளிவாக இருக்கிறது என்றால் சில மணி நேரத்திலேயே தண்ணீரும் அதன்பின் இட்லி, கஞ்சி போன்ற லேசான சாப்பாடும் கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவ முறை. உங்கள் டாக்டர் எப்போது என்று சொல்கிறாரோ அப்போது ஆரம்பியுங்கள். நேராகப் படுத்தே இருந்தால் தலைவலி வராது என்றும் சொல்வார்கள். அப்படிப் படுப்பதால் அது தடுக்கப்படுவதில்லை. உட்கார்ந்தால் மண்டை பிளக்கிற மாதிரி வலித்து, படுத்தால் குறைகிற தலைவலி ஊசியோடு தொடர்புடையது. அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வலி மாத்திரையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். "மாத்திரை போட்டால் பாலில் கலந்து குழந்தைக்குப் போகும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் நிறைய. பாரசிட்டமாலும், சிசேரியனுக்குப் பின் டாக்டர்கள் வழக்கமாக எழுதுகிற இபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளும் பால் கொடுக்கும்போது பயன்படுத்தக் கூடியவைதான். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வலி தாங்காமல் போன பிறகு கேட்பதைவிட, முதல் சில நாள் மணி பார்த்துப் போடுவது நல்லது. வலி குறைந்தால்தான் நடக்க முடியும், இருமிச் சளியைத் துப்ப முடியும், குழந்தையைத் தூக்கி அணைக்க முடியும். இதெல்லாம் தாமதமானால் அவள் தேறுவதும் தாமதமாகும்.

கட்டிலில் இருந்து எழுவது

கால் உணர்வு வந்ததுமே படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைக்க ஆரம்பிக்கலாம். பிரசவமான முதல் ஆறு வாரம் காலில் ரத்தம் உறையும் அபாயம் சாதாரண நாளைவிட மிக அதிகம். சிசேரியன் அதை இன்னும் கூட்டுகிறது. அதனால்தான் மறுநாளே நடக்கச் சொல்கிறார்கள். கொடுமைப்படுத்துகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நேராக நிமிர்ந்து எழக் கூடாது. முழங்காலை மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்புகிற மாதிரி ஒரு பக்கமாக உருளுங்கள். கால் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே இருக்கிற முழங்கையையும் மேலே இருக்கிற உள்ளங்கையையும் ஊன்றி உடம்பைத் தள்ளி உட்காருங்கள். வயிற்றுத் தசைக்கு வேலை கொடுக்காமல் கையே எல்லாவற்றையும் செய்யட்டும். இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்றால் மட்டும் எழுந்திருங்கள். கூட ஒருவர் நிற்கட்டும். எழுந்ததும் குபுக்கென்று ரத்தம் இறங்கினால், படுத்திருந்தபோது தேங்கியது அது. அதோடு நின்றுவிட வேண்டும். தையல் பிரிந்துவிடுமோ என்று கூனிக்கொண்டு நடப்பார்கள்; நிமிர்ந்து நடங்கள், பிரியாது. இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையையோ மடித்த துண்டையோ தையல் மேல் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள்.

யூரின் டியூப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் தானாகச் சிறுநீர் போக வேண்டும். போகவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் வெஸ்டர்ன் கழிவறை எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள். முதல் வாரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து எழுவது பெரிய பாடு. வீட்டில் வெஸ்டர்ன் இல்லையென்றால் நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கமோடு நாற்காலி வாங்கிவிடலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம்.

பால் கொடுப்பது

சிசேரியன் ஆனவளுக்குப் பால் ஊறாது என்பது தவறு. ஒன்றிரண்டு நாள் தாமதமாக நிறையப் பால் கட்டலாம், அவ்வளவுதான். அதுவரை வருகிற சீம்பால் சில சொட்டுகளே இருந்தாலும், முதல் நாள் குழந்தையின் வயிறும் அவ்வளவு சின்னது. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், சேனை வைப்பது எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்து. டாக்டர் காரணம் சொல்லிப் பவுடர் பால் எழுதினால் மட்டும் கொடுங்கள். அப்போதும் பால் குடிக்க வைப்பதை நிறுத்தாதீர்கள்.

மடியில் போட்டுக் கொடுத்தால் குழந்தையின் கால் தையலில் உதைக்கும். இரண்டு முறை சுலபம். ஒருக்களித்துப் படுத்து, குழந்தையை எதிரே வயிற்றோடு வயிறு சேர்த்துப் போடுவது ஒன்று. உட்கார முடிந்ததும், பக்கத்தில் தலையணை அடுக்கி, குழந்தையின் உடம்பை உங்கள் கக்கத்துக்குக் கீழே, கால்கள் முதுகுப் பக்கம் போகிற மாதிரி வைத்து, தலையைக் கையில் தாங்கிக் கொடுப்பது இன்னொன்று. காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கும். வாயை அகலத் திறந்து கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தூக்கிக் கொடுத்து, குடித்ததும் வாங்கிக்கொள்வது கூட இருப்பவரின் வேலை. அந்த ஆள் அப்பாவாக இருந்தால் ரொம்ப நல்லது.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், முதல் சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்ச ஆரம்பித்து, இரவிலும் சேர்த்து மூன்று மணிக்கொரு தரம் தொடருங்கள். எப்படிப் பீய்ச்சுவது என்று நர்ஸைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள். சொல்லிக் கேட்பதைவிடப் பார்த்துக் கற்பது எளிது.

தையல்

வெளித்தோல் ஒன்றிரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே கருப்பையிலும், வயிற்றுத் தசையைப் போர்த்தியிருக்கும் உறையிலும் போட்ட தையல்கள் ஆற வாரக்கணக்காகும். "வெளியே காய்ந்துவிட்டதே" என்று பத்தாம் நாள் குடத்தைத் தூக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டு எடுத்த பிறகு குளிக்கலாம். சோப்புத் தண்ணீர் மேலே வழிந்து ஓடட்டும், தேய்க்காதீர்கள். சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். தொப்பை மடிப்பு தையல் மேல் விழுந்தால் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். படுத்துக்கொண்டு சிறிது நேரம் மடிப்பை விலக்கிக் காற்றாட விடுங்கள். மஞ்சள், சாம்பல், தேங்காய் எண்ணெய் எதையும் ஆறாத புண்ணில் வைக்காதீர்கள். உள்ளாடையின் எலாஸ்டிக்கும் பாவாடை நாடாவும் சரியாகத் தையல் மேலேயே உட்காரும், அதனால் நைட்டிதான் வசதி. தையலைச் சுற்றி மரத்துப் போயிருப்பது மாதக்கணக்கில் இருக்கும், அது சாதாரணம்.

வீட்டுக்குப் போகும் நாள்

அரசு ஆஸ்பத்திரியில் இருந்து 102 தாய்-சேய் வாகனத்தில் இலவசமாக வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அரசு ஆஸ்பத்திரிச் சிசேரியனுக்கு ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு எதற்கும் பணம் கிடையாது என்பது 2011ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் உரிமை.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் பையில் திணிக்காமல் ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள்: ஏன் ஆபரேஷன் தேவைப்பட்டது, கருப்பையில் குறுக்காகவா நெடுக்காகவா கீறினார்கள், ஹீமோகுளோபின் எவ்வளவு, தையல் தானாகக் கரைவதா பிரிக்க வேண்டியதா, அடுத்து எப்போது வர வேண்டும். வெளித் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. எழுதியிருந்தால்தான் உண்டு.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவையும் விட வேண்டியவையும்

தண்ணீரைக் குறைத்தால் தையல் சீக்கிரம் ஆறும், குடித்தால் வயிறு போடும் என்று அரை டம்ளர் தண்ணீரோடு நிறுத்திவைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதன் விளைவு மலச்சிக்கல். தையலோடு முக்குவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தாகம் எடுக்கும்போதெல்லாம், பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் குடிக்கக் கொடுங்கள்.

பத்தியத்தில் பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு, மீன், முட்டை, நாட்டுக்கோழிச் சாறு எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். ஆனால் பழமும் காயும் குளிர்ச்சி என்று ஒதுக்கி, வெறும் ரசம் சாதமும் சுட்ட அப்பளமுமாக நாற்பது நாள் ஓட்டுவதுதான் தப்பு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆபரேஷனில் இன்னும் ரத்தம் போயிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் போட வேண்டும். காபி, டீ, பாலோடு வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் வேறு வேறு நேரத்தில் போடுங்கள்.

வெந்நீரில் குளிப்பது சரி, உடம்புக்கு இதம். வயிற்றில் அடித்து ஊற்றுவது வேண்டாம். வயிற்றை அமுக்கித் தேய்ப்பதும் வேண்டாம். நடக்கும்போது தாங்கலாக இருக்கிறது என்றால் பெல்ட் போடலாம், ஆனால் அது தொப்பையைக் கரைக்காது. மூச்சு முட்டுகிற அளவு இறுக்கினால் கெடுதல்.

குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரம் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், மாவு கிரைண்டர் பாத்திரம், சிலிண்டர், மூத்த பிள்ளை எல்லாம் இதில் அடக்கம். மூத்த குழந்தை ஏங்கும்தான். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அதைப் பக்கத்தில் ஏறி வரச் சொல்லி அணைத்துக்கொள்ளலாம். ஸ்கூட்டர் ஓட்டுவதும் ஆறு வாரம் போகட்டும்.

அப்புறம் முதுகு வலி. முதுகில் போட்ட ஊசிதான் ஆயுசுக்கும் வலிக்குக் காரணம் என்று ஊரே நம்புகிறது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், உண்மை. மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகளும் வலுவிழந்த வயிற்றுத் தசையும், கூனி உட்கார்ந்து பால் கொடுப்பதும்தான் காரணம். முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையை மார்பு உயரத்துக்குத் தூக்குங்கள். குழந்தையை நோக்கிக் குனியாதீர்கள்.

செவிலியர் வீட்டுக்கு வரும்போது

பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரத்தில் தாயைக் குறைந்தது மூன்று முறை பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2022ல் சொன்னது: இரண்டு மூன்று நாளில், இரண்டாவது வாரத்துக்குள், ஆறாவது வாரத்தில். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது கிராம சுகாதார செவிலியரும் நகரச் சுகாதார செவிலியரும்தான். அம்மா வீட்டுக்கு வந்திருந்தால், அந்த ஊர் நர்ஸுக்கு நீங்கள் வந்திருப்பது தெரியாது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைச் சொல்லித் தகவல் கொடுங்கள்.

வந்தவர் குழந்தையை எடை பார்த்து, தடுப்பூசித் தேதி எழுதிவிட்டுக் கிளம்பினால் நிறுத்திக் கேளுங்கள்: "சிஸ்டர், என் தையலையும் கொஞ்சம் பாருங்க." தையல், உதிரப்போக்கு, மார்பு, கெண்டைக்கால், பிரஷர் இவ்வளவும் பார்க்க வேண்டும். இதைப் படிக்கிற செவிலியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாமியாரும் நாத்தனாரும் சுற்றி நிற்கும்போது "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். தையல் பார்க்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாயா, சிறுநீர் அடக்க முடிகிறதா, யாராவது மனம் நோகப் பேசுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பல பெண்கள் பல நாளாகச் சொல்லாததை அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொல்கிறார்கள்.

மனசு

"வலியே இல்லாமல் வயித்தைக் கீறி எடுத்துட்டாங்க, உனக்கென்ன?" என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளோ பதினாறு மணி நேரம் வலி தாங்கி, கடைசியில் குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்து, ஸ்ட்ரெச்சரில் ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போகப்பட்டவளாக இருக்கலாம். குழந்தையின் முதல் அழுகையைக் கேட்காமல் மயக்கத்தில் இருந்தவளாகவும் இருக்கலாம். குழந்தை நன்றாக இருக்கிறது என்ற சந்தோஷமும், நடந்ததை நினைத்த துக்கமும் அவளிடம் ஒன்றாகவே இருக்கும். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று டாக்டரோ செவிலியரோ உட்கார்ந்து விளக்கினால் பாதி பாரம் இறங்கும். அதைக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சலும் பெரும்பாலானவர்களுக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அதைத் தாண்டியும் தூக்கமின்மை, எதிலும் ஒட்டாத தன்மை, தான் நல்ல அம்மா இல்லை என்ற எண்ணம் நீடித்தால் அது சிகிச்சை உள்ள நோய். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினாலும், இல்லாததைப் பார்ப்பதாகவும் கேட்பதாகவும் சொன்னாலும் அது அவசரம். தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இவற்றில் எது வந்தாலும் 108 அல்லது நேராக ஆஸ்பத்திரி: பேட் நனைந்து வழியும் உதிரப்போக்கு, நாற்றமடிக்கும் வெள்ளை அல்லது ரத்தம், குளிர் காய்ச்சல், தையல் சிவந்து வீங்கி, சீழ் வடிதல் அல்லது பிரிதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுமையான தலைவலியோடு கண் மங்குதல், வலிப்பு. கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் முதன்முறையாக வரலாம் என்பதால் அந்தத் தலைவலியைத் தூக்கமின்மை என்று ஒதுக்காதீர்கள்.

ஆறாவது வாரமும் அதற்கப்புறமும்

ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகாமல் விடுபவர்கள் அதிகம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே உங்களுக்கும் முடித்துக்கொள்ளுங்கள். தையல், ரத்த அளவு, பிரஷர், காப்பர்-டி வைத்திருந்தால் அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் குளுக்கோஸ் பரிசோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். தாம்பத்தியத்தை எப்போது ஆரம்பிப்பது என்பதை உதிரப்போக்கு நின்று, வலி தீர்ந்து, மனமும் ஒப்பிய பிறகு அவளே சொல்லட்டும். சிறுநீர் அடக்குகிற தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை டியூப் எடுத்த பிறகே ஆரம்பித்திருக்கலாம். இல்லையென்றால் இப்போது ஆரம்பியுங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கும் அது தேவை, ஒன்பது மாதம் பாரம் தாங்கியது அந்தத் தசைதான்.

அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருடம் இடைவெளி விடுங்கள். முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் அப்படித்தான் என்பது கட்டாயம் இல்லை. ஒரு முறை கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறி எடுத்தவர்கள் அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்றால், நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குக் கைகூடுகிறது. பழைய தழும்பு பிரியும் அபாயம் ஏறத்தாழ 200ல் ஒன்று. அதனால் எந்நேரமும் ஆபரேஷன் செய்ய வசதியும் ரத்தமும் உள்ள ஆஸ்பத்திரியில்தான் முயல வேண்டும். மறுபடி கர்ப்பம் என்று தெரிந்ததும் முதல் பரிசோதனைக்கே அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். லேமினேட் செய்யாமல் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் போனில் படமாகவும் வைத்திருங்கள்.